மீட்டரக்கா தன் நேரத்தையும் எழுதினார்

சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பல்கலைக்கழகத்தில் செடிக்குத் தண்ணீர் விடுகிறவர் முதல் துணைவேந்தர் வரை எல்லோருக்கும் அவர் மீட்டரக்காதான். இருபத்தாறு வயதில் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தவர். கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி, தண்ணீர் மீட்டரையும் கரன்ட் மீட்டரையும் பார்த்து எண்ணைக் குறித்து வருவது வேலை. இப்போது வயது ஐம்பத்து நாலு. முழங்கால் முனக ஆரம்பித்துவிட்டது, மூக்கில் கண்ணாடி ஏறிவிட்டது. ஆனால் ஒரு நாள், ஒரே ஒரு நாள் உத்தேசமாக ஓர் எண்ணை எழுதினார் என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம். சொன்ன வாய் வெந்துபோகும்.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்பார். தினமும் ஒரு தடவையாவது இதைச் சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

வீட்டிலும் இதே கதைதான். பிள்ளை வளர்கிற உயரத்தைக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு வைப்பது பல வீடுகளில் உண்டு; வருஷத்துக்கு ஒரு கோடு. மீட்டரக்கா மாதம் பிறந்தால் போடுவார். ஒரே மகள் படித்து முடித்து, வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸாகப் போகிறவரைக்கும் நிலையில் இருநூறு கோட்டுக்கு மேல் ஏறிவிட்டது. "பொண்ணு வளந்ததைவிட பென்சில் தேஞ்சதுதான் ஜாஸ்தி" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் சுருக்கென்று ஒன்று விழும்.

மீட்டரக்காவின் உயிர் எங்கே இருந்தது என்று கேட்டால், மாணவர் விடுதியின் சமையல்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற எரிவாயுத் தொட்டியில் இருந்தது. அது அங்கே வந்ததே அவரால்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால், விடுதியில் மிச்சமாகிற சாப்பாடும் காய்கறித் தோலும் தினமும் எத்தனை டிரம் லாரியில் ஏறிப் போகிறது என்று அவர் பாட்டுக்கு எண்ணிக்கொண்டு வந்தார். யாரும் எண்ணச் சொல்லவில்லை. கை சும்மா இருக்கவில்லை, எண்ணினார். பல்கலைக்கழகம் சுற்றுச்சூழல் திட்டம் என்று ஆரம்பித்து, கூரையில் சூரியத் தகடு, மழைநீர்க் குழி என்று என்னென்னவோ செய்துகொண்டிருந்த சமயம் அது. மீட்டரக்கா நோட்டைக் கொண்டுபோய், கட்டடங்களைக் கவனிக்கிற எஸ்டேட் அதிகாரியின் மேஜையில் வைத்து, "இவ்வளவு கேஸ் லாரியில போகுது சார்" என்றார். எண் இருக்கிறது, மறுக்க முடியுமா? தொட்டி வந்தது.

தினமும் நூற்றெண்பது கிலோ மிச்சத்தை அரைத்துத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவார்கள். அது உள்ளே மட்கி, பன்னிரண்டு கன மீட்டர் எரிவாயு மேலே வரும். அதில் ஒரு பெரிய அடுப்பு எரியும். தலைமைச் சமையல்காரரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய குரல். முதலில் அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "குப்பையில இருந்து வர்ற நெருப்புல நான் சமைக்கணுமா? என் கைக்கு இது கேவலம் இல்லையா?" என்று குதித்தார். ஆறே மாதம். அப்புறம் புதிதாக யார் வந்தாலும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "நம்ம அடுப்பு, நீல நிறத்துல எரியுது பாருங்க" என்று காட்டாமல் விடமாட்டார்.

தொட்டிக்கு மீட்டரக்காதான் பொறுப்பு என்று ஆனது. பொறுப்பு என்றால் அவர் அகராதியில் அளப்பது. மிச்சம் பதினெட்டு வாளி வரும். ஒவ்வொரு வாளியையும் தனித்தனியாகத் தராசில் ஏற்றி இறக்குவார். இரண்டு மணிக்கு ஒரு தடவை தொட்டியின் சூடு. மணிக்கு ஒரு தடவை கேஸ் மீட்டர். கரைசலின் மட்டம், காலையில் நிறம் மாறுகிற ஒரு தாளை நனைத்துப் பார்க்கிற புளிப்பு, அடுப்பு எத்தனை நிமிஷம் எரிந்தது, வெளியே வருகிற கழிவின் அளவு. எல்லாம் நீளநோட்டில், கட்டம் போட்டு, நீல மையில். ஏதாவது ஓர் எண்ணைப் பார்த்து அவர் ஏதாவது செய்தால், அதாவது ஊற்றுவதைக் குறைத்தாலோ தண்ணீரைக் கூட்டினாலோ, அந்த எண்ணைச் சிவப்பு மையில் எழுதுவார். மாதத்துக்கு ஒரு நோட்டு. ஆறு வருஷத்தில் எழுபத்திரண்டு.

அந்த நோட்டின் கடைசிக் கட்டம்தான் விவகாரம். யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்று எழுதுகிற கட்டம் அது. வாளி சுமக்கவும் அரைக்கவும் கழுவவும் இரண்டு ஆட்கள் சேர்ந்து நாலு மணி நேரம் என்று எழுதுவார். அதற்குக் கீழே, அளந்தது: ஐந்து மணி நேரம். தன் நேரத்தையும் எழுதுவார். ஊரில் பத்துப் பேரை எண்ணச் சொன்னால் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறவர்கள்தான் அதிகம். மீட்டரக்கா அப்படி இல்லை. "ஏன், நான் மட்டும் காத்துல நடக்கறேனா? என் காலும் வலிக்குதில்ல?" என்பார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. பன்னிரண்டு பல்கலைக்கழகங்களை எடுத்துக்கொண்டு, சுற்றுச்சூழல் திட்டத்துக்கென்று எவ்வளவு தண்ணீர், கரன்ட், இடம், ஆள் உழைப்பு உள்ளே போகிறது, அதிலிருந்து எவ்வளவு பயன் வெளியே வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை. குழுவின் தலைவி ஒரு புள்ளிவிவரப் பேராசிரியை. நாற்பது வயது இருக்கும். நாலு பேனா செருகிய பை, ஓயாத இருமல். மீட்டரக்காவின் நோட்டுகளைப் பார்த்ததும் அவர் கண் விரிந்துவிட்டது.

"அக்கா, பதினோரு இடம் போயிட்டு வந்துட்டேன். இப்படி ஒரு நோட்டை நான் எங்கயும் பாக்கலை" என்றார்.

மீட்டரக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் இதை மூன்று தடவை சொன்னார். வீட்டுக்காரர் மூன்று தடவையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டார். முப்பது வருஷக் குடும்பம் என்றால் சும்மாவா!

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. எஸ்டேட் அதிகாரியின் அறையில் பேராசிரியை, அதிகாரி, மீட்டரக்கா மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி நல்ல மனிதர்தான்; சண்டை வந்தால் மட்டும் மேஜைக்கு அடியில் போய்விடுவார்.

"சூரியத் தகட்டுக்கு எண்பத்தெட்டு. மழைநீருக்குத் தொண்ணூறு. கேஸ் தொட்டிக்கு..." என்று பேராசிரியை தயங்கினார். "ஐம்பத்தாறு, அக்கா."

"நூத்துக்கா?"

"நூத்துக்கு."

மீட்டரக்காவுக்கு முதலில் புரியவே இல்லை. பேராசிரியை பொறுமையாக விளக்கினார். "முதல் இடத்துல இருக்கற பல்கலைக்கழகத்துலயும் இதே மாதிரி தொட்டிதான். அதே அளவு மிச்சம், அதே பன்னெண்டு கன மீட்டர் கேஸ். ஆனா அவங்க அஞ்சு மணி நேர உழைப்புல எடுக்கறாங்க. அளக்கற நேரத்தையும் சேத்து அஞ்சு. நானே நாலு நாள் நின்னு பாத்தேன். உங்களுக்கு ஒம்போது மணி நேரம் ஆகுது. அஞ்சை ஒம்போதால வகுத்தா ஐம்பத்தாறு."

அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். எழுபதுக்குக் கீழே வாங்குகிற திட்டத்தை இந்தப் பருவத்தோடு மூடிவிட வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டதாம். தொட்டி இருக்கிற இடம் பழைய நாற்காலி போட்டு வைக்கிற கிடங்கு ஆகும். அடுத்த மாதம் இன்னொரு தடவை பதினாலு நாள் அளப்பார்கள். அந்த அளவுதான் கடைசி.

பேராசிரியை எழுந்து போனதும் அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "அம்மா, இதுல பெரிய கஷ்டம் ஒண்ணும் இல்ல. உங்க அஞ்சு மணி நேரத்தை எழுதாதீங்க. பாதிப் பல்கலைக்கழகத்துல அந்தக் கட்டத்தைக் காலியாத்தான் விட்டிருக்காங்களாம். நீங்க ஏன் வலியப் போய் எழுதறீங்க?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்களா சார்?"

"மறைக்க வேண்டாம். எழுத வேண்டாம்னுதான் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று சொல்லிவிட்டு மீட்டரக்கா வெளியே வந்துவிட்டார். கோபமா, அழுகையா, அவருக்கே தெரியவில்லை. தான் பெற்ற பிள்ளைக்குத் தன் கையெழுத்தாலேயே மார்க் குறைந்துவிட்டதே என்று வயிறு எரிந்தது.

சமையல்கூடத்துக்குச் செய்தி அவருக்கு முன்பே போய்விட்டிருந்தது. மாஸ்டர் கரண்டியோடு ஓடி வந்தார். "என்னக்கா, அடுப்பை மூடப் போறாங்களாமே! நீங்க ஒரு கோடு போட்டு அடிச்சா முடிஞ்சுது. ஒரே ஒரு கோடு! என் அடுப்புக்காகப் போடக் கூடாதா?"

"மாஸ்டர், நான் இருபத்தெட்டு வருஷமா ஒரு பொய் எண்ணு எழுதினதில்ல."

"நான் மட்டும் இருபத்தெட்டு வருஷமா உப்பை அதிகமாப் போட்டதே இல்லைன்னா சொல்றேன்? ஆபத்துக்குப் பாவமில்லக்கா!"

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, நீலமாக. மாஸ்டர் அதை மறைப்பதுபோலக் குறுக்கே நின்றுகொண்டார், யாரோ அப்போதே தூக்கிக்கொண்டு போக வந்ததுபோல.

மறுநாள் லீவு. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது நடந்தது அத்தனையையும் வீட்டுக்காரரிடம் கொட்டினார். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். தண்ணீர் குடித்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்."

"என்ன சொன்னீங்க?"

"தொட்டியை ஓட்டறதுக்கு நாலு மணி நேரம். அதை அளக்கறதுக்கு அஞ்சு மணி நேரம். நான் பஸ் ஓட்டறப்ப, ஒவ்வொரு ஸ்டாப்புலயும் இறங்கி டயர் எத்தனை சுத்து சுத்துச்சுன்னு பாத்திருந்தா, ஒரு ஆள் வீடு போய்ச் சேந்திருக்க முடியுமா?"

வந்ததே கோபம்! "அப்ப நான் இத்தனை வருஷம் வெட்டி வேலை பாத்தேன்னு சொல்றீங்க. அப்படித்தானே? ஏங்க, வெளி ஆளுங்க சொன்னாப் பரவாயில்ல, நீங்களுமா?" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பாத்திரம் கழுவுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

கழுவி முடித்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். முகம் மாறியிருந்தது. மீட்டரக்காவிடம் ஒரு குணம் உண்டு. யாராவது ஒன்றைச் சொல்லிவிட்டால் சண்டை போடுவார். போட்டு முடித்ததும், சொன்னது சரியா தப்பா என்று அளந்து பார்க்காமல் அவரால் இருக்க முடியாது.

"நோட்டெல்லாம் ஆபீஸ்ல இருக்கு. ஆட்டோ கூப்பிடுங்க" என்றார்.

"இன்னைக்கு லீவுதானே?"

"சாவி என்கிட்டதான் இருக்கு."

எழுபத்திரண்டு நோட்டையும் இரண்டு சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆட்டோக்காரர் பழைய பேப்பர் கடைக்கா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். கூடத்தில் பாய் விரித்து, ஆளுக்கொரு நோட்டாக எடுத்துப் புரட்டினார்கள். தேடியது ஒன்றே ஒன்று, சிவப்பு மை. ஓர் எண்ணை எழுதி, அந்த எண்ணால் ஏதாவது மாறியிருந்தால் சிவப்பு இருக்கும். இல்லையென்றால் அந்த எண் எழுதியதோடு சரி.

"இதுல ஒண்ணு" என்பார் வீட்டுக்காரர். "எந்தக் கட்டம்?" "புளிப்பு." அரைமணி போகும். "இன்னொண்ணு. காலைல பாத்த கேஸ் மீட்டர்." பிறகு ஐந்தாறு நோட்டு நீலமாகவே ஓடும். வெயில் ஜன்னலிலிருந்து சுவருக்கு ஏறியபோது வேலை முடிந்தது. ஆறு வருஷத்தில் சிவப்பு பதினாலு இடம். ஒன்பது புளிப்பு, ஐந்து காலை மீட்டர். வாளி வாளியாக நிறுத்த எடையில் ஒன்று இல்லை. இரண்டு மணிக்கொரு தடவை பார்த்த சூட்டில் ஒன்று இல்லை. மணிக்கு மணி ஓடி ஓடிப் பார்த்த மீட்டரில், அடுப்பு நிமிஷத்தில், கழிவின் அளவில் ஒன்றுகூட இல்லை.

மீட்டரக்கா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊர் முழுக்க யார் எதை வீணாக்குகிறார்கள் என்று எண்ணிச் சொன்னவருக்குத் தன் முதுகு தெரியாமல் போய்விட்டது. அதைச் சொன்னதும் வேறு யாருமில்லை, அவர் கையெழுத்தேதான்.

வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஒரு எண்ணுகூடப் பொய் இல்லாததாலதான இன்னைக்கு இது தெரிஞ்சுது? அடிச்சுத் திருத்தி எழுதியிருந்தா எதை வெச்சுக் கண்டுபிடிச்சிருப்ப?" என்றார்.

அவர் வாழ்நாளில் இவ்வளவு கனிவாகப் பேசியதே இல்லை. மீட்டரக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்துவிட்டார்.

மறுநாள் காலை நேரே எஸ்டேட் அதிகாரியின் அறைக்குப் போனார்.

"சார், பாத்த வேலையைப் பாக்கலைன்னு எழுத மாட்டேன். பாக்காம வேணா இருக்கேன்."

அதிகாரிக்குப் புரிய இரண்டு நிமிஷம் ஆயிற்று. காலையில் ஒரு தடவை புளிப்புத் தாள், காலை மாலை இரண்டு தடவை கேஸ் மீட்டர், பதினெட்டு வாளியையும் தள்ளுவண்டியோடு ஒரே தடவை தரைத் தராசில் ஏற்றி மொத்த எடை. எழுதுகிற நேரத்தையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம். நாலும் ஒன்றரையும் ஐந்தரை. ஐந்தரை மணியில் அதே கேஸ் வந்தால் தொண்ணூறு தாண்டும்.

"கேஸ் வருமா? அளக்காம விட்டா குறைஞ்சிடாதா?" என்றார் அதிகாரி.

"அதான் சார் எனக்கும் பயம்" என்று ஒத்துக்கொண்டார் மீட்டரக்கா.

பேராசிரியை தன் இரண்டு உதவியாளர்களோடு வந்து, பதினாலு நாள் ஆரம்பமானது. முதல் மூன்று நாள் மீட்டரக்கா பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. மணி அடித்தால் கால் தானாகத் தொட்டிப் பக்கம் திரும்பியது. ஒரு தடவை தெர்மாமீட்டரைக் கையில் எடுத்தே விட்டார், மாஸ்டர் பார்த்துவிட்டு, "அக்கா! கையைக் கீழ வைங்க!" என்று அதட்டினார். எதை அளப்பது என்று தெரியாமல் விடுதித் தோட்டத்தில் போய் உட்கார்ந்து, வருகிற போகிற பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் தோட்டக்காரரோடு உட்கார்ந்து, எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று கேட்டு, இரண்டு குழாயைத் தானே இறுக்கினார். ஏழாம் நாள் வரைக்கும் கேஸ் பன்னிரண்டு பன்னிரண்டாக வந்தது.

எட்டாம் நாள் காலை மாஸ்டர் அலறினார். அடுப்பு நீலமாக எரியவில்லை. மஞ்சளாக, சோம்பலாக, அணைந்துவிடட்டுமா என்று கேட்பதுபோல எரிந்தது. அன்று மொத்தமே ஆறு கன மீட்டர்தான் வந்தது.

"நான் அப்பவே சொன்னேன்! அளக்கறதை விட்டா இப்படித்தான் ஆகும்னு" என்று மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் அப்படி எப்போதும் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்லிக் காட்ட அது நேரமில்லை.

பழையபடி எல்லாவற்றையும் அளந்தால் நிம்மதியாக இருக்கும். வாளி வாளியாக நிறுக்கலாம், மணிக்கு மணி ஓடலாம். ஆனால் அப்படி மூன்றரை மணி நேரம் தினமும் ஏறினால் எழுபது என்பது கனவுதான். கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அப்புறம் அன்று காலை நனைத்த புளிப்புத் தாளை எடுத்து வெளிச்சத்தில் மறுபடி பார்த்தார். முந்தின நாள் இளம் பச்சையாக இருந்தது இன்று நன்றாக மஞ்சளடித்திருந்தது. தொட்டி அளவுக்கு மீறிப் புளித்துப்போயிருந்தது.

"மாஸ்டர், ரெண்டு நாளா தொட்டியில என்ன போட்டீங்க?"

"வழக்கமா போடறதுதான்."

"மாஸ்டர்."

அந்தக் குரலுக்கு முன்னால் யாரும் நிற்க முடியாது. மாஸ்டர் தொந்தியைத் தடவிக்கொண்டு உண்மையைக் கக்கினார். போன வாரம் நடந்த பெரிய மாநாட்டில் அறுநூறு பேருக்கு ஆரஞ்சு ஜூஸ் பிழிந்தார்களாம். மூன்று மூட்டைத் தோல் மிச்சம். அதைத் தொட்டியில் போட்டால் கேஸ் கூடுதலாக வரும், மார்க் ஏறும் என்று காதும் காதும் வைத்த மாதிரி, யார் கண்ணிலும் படாத நேரம் பார்த்துக் கொட்டிவிட்டார். தள்ளுவண்டியில் ஏறவில்லை, அதனால் எடையிலும் சிக்கவில்லை.

"உங்களை..." என்று மீட்டரக்கா பல்லைக் கடித்தார். மாஸ்டர் கண் கலங்கி நின்றதைப் பார்த்ததும் மேலே திட்ட மனசு வரவில்லை. அவரும் அந்த அடுப்புக்காகத்தானே செய்தார்.

இரண்டு நாள் தொட்டிக்குப் பட்டினி போட்டார். புளிப்பை முறிக்கக் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றினார். மிச்சத்தை உரக் குழிக்கு அனுப்பினார். தினமும் காலையில் ஒரே ஒரு தாள்; அதற்குமேல் ஒன்றும் பார்ப்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தார். ஒன்பதாம் நாள் கேஸ் இரண்டு, பத்தாம் நாள் மூன்று. பதினோராம் நாள் தாள் மறுபடி பச்சை பக்கம் வந்தது. அரைவாசி ஊற்றியதில் ஏழு வந்தது. பன்னிரண்டாம் நாள் மாஸ்டர் சமையல்கூடத்திலிருந்து போட்ட சத்தத்தில் மாணவர்கள் தீ விபத்து என்று நினைத்து ஓடி வந்தார்கள். அடுப்பு நீலமாக எரிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கடைசி நாள் மாலை, சமையல்கூடத்து மேஜையிலேயே பேராசிரியை கணக்கை முடித்தார். எதிரில் மீட்டரக்கா. எஸ்டேட் அதிகாரி நின்றுகொண்டே இருந்தார். மாஸ்டர் பார்க்கப் பயந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எழுபத்தி நாலு புள்ளி ஏழு" என்றார் பேராசிரியை.

"எழுபதுக்கு மேலதானே? மேலதானே?" என்று மாஸ்டர் சுவரைப் பார்த்தே கேட்டார். ஆமாம் என்றதும் திரும்பி, மீட்டரக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். தொட்டி பிழைத்துவிட்டது. ஒரு பொய் எண் இல்லாமல், கேஸ் குறைந்த எட்டாம் நாளையும் ஒன்பதாம் நாளையும் மறைக்காமல் பிழைத்துவிட்டது. இருபத்தெட்டு வருஷத்தில் அவர் இவ்வளவு சந்தோஷமாக ஓர் எண்ணைப் பார்த்ததில்லை. அதிகாரிகூட நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மாஸ்டர் எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார். பேராசிரியை அறிக்கைத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மீட்டரக்கா அதில் ஒன்றை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விரலால் கட்டம் கட்டமாகத் தடவிப் படித்தார். தண்ணீர், கரன்ட், இடம், ஆள் உழைப்பு. திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கக்கா."

"நீங்க மூணு பேரும் வந்து எங்களை அளந்தீங்களே, அந்த மணி நேரமெல்லாம் எந்தக் கட்டத்துல எழுதியிருக்கீங்க?"

பேராசிரியை டீ டம்ளரை வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். "அதுக்குக் கட்டம் இல்லையேக்கா."

"எத்தனை நாளா அளக்கறீங்க?"

"பன்னெண்டு பல்கலைக்கழகம்... மூணு பேரு... ஒன்றரை வருஷம்" என்று சொல்லிக்கொண்டே வந்தவரின் குரல் இறங்கிக்கொண்டே போனது. பையிலிருந்து பேனாவை எடுத்து, தாளின் ஓரத்தில் ஏதோ பெருக்கினார், வகுத்தார். வந்த விடையைக் கையால் மூடிக்கொண்டார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். இருமலும் சிரிப்புமாகக் கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தார்.

"எவ்வளவு வருது மேடம்? எழுபது தேறுமா?" என்றார் மாஸ்டர் ஆவலாக.

"கேக்காதீங்க மாஸ்டர். சத்தியமா கேக்காதீங்க."

பேராசிரியை கையை எடுக்கவே இல்லை. மீட்டரக்கா தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டு, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரைத் தேற்றுகிற குரலில் சொன்னார்.

"எழுதிடுங்க மேடம். மொதல்ல வயிறு எரியும். அப்புறம் நல்லாத்தான் இருக்கு."